அச்சும் குண்டும்

இம்மலரின் தமிழ்ப் பகுதிக்குக் கட்டுரை ஒன்று தருக என்று ஆசிரியர் பணித்தபொழுது, யாம் வண்டிச் சக்கரத்தின் உள்ளிருக்கும் பேரிங்கைப் பற்றி எழுதுவதாகக் கூறினோம். அருகிருந்த நண்பர் நகைத்தனர். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயில்வோர் சிலம்பைப் பற்றியோ தேம்பாவணியைப் பற்றியோ எழுதுதலன்றோ முறை. இரும்புக் குண்டுக்கும் இலக்கியத்துக்கும் யாது இயைபு என வினவினர். இயைபு உண்டென்பதைப் பின்னர்க் கூறுவோம். இப்பொருளை யாம் எடுத்துக்கொண்டமைக்குக் காரணமாயிருந்த நிகழ்ச்சியை முதற்கண் சொல்லிவிடுதல் நன்று.

எம் சிற்றப்பனார் ரெட்டியார்சத்திரத்துக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரிற் பயிர்த்தொழில் செய்பவர். விளைந்த கத்தரியையும் முருங்கையையும் மூட்டைகளாகக் கட்டி, விடியுமுன் தமது மொபெட்டில் ஏற்றி, பழனிச் சாலை வழியே ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கொண்டுசெல்வது அவரது வழக்கம். சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில் ஒரு நாள், சாலையின் நடுவே முன்சக்கரம் ஒருபுறமாய்ச் சாய்ந்து, பிரேக் தட்டிற் சிக்கி, சட்டென நின்றுவிட்டது. மூட்டைகள் முன்னே பாய, அவர் மூட்டைகளின்மேல் விழுந்தார். காறை எலும்பு முறிந்தது. பின்னால் வந்த லாரியின் ஓட்டுநர் விழிப்புடையவராயிருந்தமையின் யாம் இதனைக் கட்டுரையாக எழுதுகின்றோம்; அன்றேல் இரங்கற்பாவாக எழுதியிருப்போம். மூன்று திங்கள் அவர் மண்வெட்டியைத் தொடவில்லை. அப்போகத்துக் காய்களிற் பாதி செடியிலேயே முற்றின.

வியப்பு யாதெனின், அச்சக்கரத்திற்குப் புதிய பேரிங் போட்டு எட்டு வாரங்களே ஆகியிருந்தன. பழையது கத்துகின்றது என்று அவரே ஒரு பட்டறையில் விட்டு, கேட்ட பணத்தைக் கொடுத்து மாற்றியிருந்தார். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபொழுது, இரண்டு பேரிங்குகளில் ஒன்றின் கூடு நொறுங்கி, குண்டுகள் ஒருபுறமாய்ச் சேர்ந்து கிடந்தன. உள்வளையம் சூட்டினால் நீலம் பாய்ந்திருந்தது. இரண்டு பேரிங்குகளுக்கும் இடையே இருக்கவேண்டிய குழல் அங்கே இல்லை. பட்டறையிற் பணிபுரியும் பையனைக் கேட்டோம். அவனுக்கு எம்மினும் இரண்டு மூன்று வயது குறைவாயிருக்கலாம். “அது இல்லாமலே வீல் நல்லாத்தான் சுத்துச்சுண்ணா” என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அக்குழல் இன்றியும் சக்கரம் சுழலத்தான் செய்யும். சில வாரங்கள் சுழலும்.

அக்குழலின் பயனை அறியவேண்டின் பேரிங்கின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். வெளியே ஒரு வளையம், உள்ளே ஒரு வளையம், இரண்டுக்கும் நடுவே வரிசையாய்க் குண்டுகள், குண்டுகள் ஒன்றையொன்று உரசாதபடி பிரித்து நிறுத்தும் ஒரு கூடு, புழுதி புகாமல் இருபுறமும் மூடும் தகடு அல்லது ரப்பர் வளையம், உள்ளே சிறிது கிரீஸ்: இவ்வளவே. வெளிவளையம் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும். உள்வளையம் அச்சோடு சேர்ந்து அசையாது நிற்கும். உராய்ந்து தேயவேண்டிய இடத்தில் உருளுதலை வைத்தமையே இதன் நுட்பம். ஸ்கூட்டர், மொபெட் ஆகியவற்றின் முன்சக்கரத்தில் இத்தகைய பேரிங் இரண்டு, இடமொன்றும் வலமொன்றுமாக, குடத்தின் உள்விளிம்பில் அமர்ந்திருக்கும். அச்சின் நட்டை முறுக்கும்பொழுது அம்முறுக்கின் விசை ஓர் உள்வளையத்திலிருந்து மற்றோர் உள்வளையத்துக்கு இடைக்குழலின் வழியாகச் செல்லவேண்டும். குழல் இல்லையேல் இரு உள்வளையங்களும் ஒன்றையொன்று நோக்கி நெருக்கப்படும். வெளிவளையங்களோ குடத்தில் அசையாது நிற்கும். இடையே அகப்பட்ட குண்டுகள் பக்கவாட்டில் நசுக்குண்டு, சூடேறி, கிரீஸ் உருகி, கூடு உடையும். எம் சிற்றப்பனாருக்கு நேர்ந்தது இதுவே.

அப்பையனை யாம் குறைகூறமாட்டோம். பட்டறையின் உரிமையாளரைக்கூட அதிகம் குறைகூற எமக்கு மனமில்லை. அவர்க்கும் ஒருவர் இப்படித்தான் கற்பித்திருப்பார். எம் குறை வேறு. திண்டுக்கல் சமவெளியில் ஓடும் இத்துணை ஆயிரம் இருசக்கர வண்டிகளின் உருளைகளும் எதன்மேல் ஓடுகின்றனவோ, அதனைப் பற்றித் தெளிவான தமிழில் நான்கு பக்கம் எழுதிப் பட்டறைப் பையன் கையிற் கொடுக்க, படித்தவராகிய நாம் ஒருவரும் முன்வரவில்லை என்பதே எம் குறை.

நிற்க. இக்குண்டுகள் வந்த வழி சுவையுடையது. வேல்ஸ் நாட்டுக் கார்மார்தன் என்னும் ஊரைச் சார்ந்த பிலிப் வான் என்பவர் 1794ஆம் ஆண்டிலேயே வண்டி அச்சுக்கு இரும்புக் குண்டுகளை வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் அக்காலத்தில் ஒரே அளவுடைய குண்டுகளைச் செய்ய இயலவில்லை. 1869இல் பாரிசு நகரத்து ஜூல் சூரிரே என்பார் மிதிவண்டிக்குக் குண்டுப் பேரிங் அமைத்தார். அவ்வாண்டு நவம்பரில் பாரிசிலிருந்து ரூவான் வரை நடந்த பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் என்னும் வீரர் அத்தகைய வண்டியில் ஏறி வென்றார். 1883இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபர்ட் நகரத்து ஃபிரெடரிக் ஃபிஷர் குண்டுகளை ஒத்த அளவில் உருண்டையாக அரைக்கும் எந்திரத்தைச் செய்தபின்னரே இப்பொருள் உலகெங்கும் பரவிற்று. இரண்டாம் உலகப் போரில், 1943ஆம் ஆண்டு, அமெரிக்க விமானங்கள் அதே ஷ்வைன்ஃபர்ட் நகரைத் தேடிச் சென்று குண்டு வீசின. பேரிங் தொழிற்சாலைகளை அழித்தால் பகைவரின் எந்திரங்கள் யாவும் நின்றுவிடும் என்பது அவர்தம் கணக்கு. இரும்புக் குண்டை அழிக்க வெடிகுண்டு சென்றது என்று சிலேடையாகச் சொல்லலாம். ஆயின் மாண்டவர் பலராதலின் சிலேடையை விடுத்தோம்.

எம்மைக் கவர்ந்தவர் வேறொருவர். சுவீடன் நாட்டுக் கோத்தன்பர்க் நகரில் ஒரு நெசவாலையிற் பழுதுபார்க்கும் பொறியாளராயிருந்த ஸ்வென் விங்குவிஸ்ட் என்பவரே அவர். ஆலை நின்ற நிலம் களிமண் நிலம். கட்டடம் சிறிது சிறிதாய் அமிழ, நீண்ட சுழல்தண்டுகள் நேர் பிறழ்ந்து, பேரிங்குகள் அடிக்கடி கெட்டுப்போயின. எத்தனை நாள் மாற்றிக்கொண்டேயிருப்பது என்று சலித்தவர், தண்டு சிறிது சாய்ந்தாலும் தானே சாய்ந்து ஈடுகொடுக்கும் இருவரிசைக் குண்டுப் பேரிங்கை 1907இல் அமைத்தார். எஸ்.கே.எப். என்னும் நிறுவனம் அவ்வாண்டிலேயே அதனாற் பிறந்தது. இதனை யாம் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. வேடசந்தூரிலும் திண்டுக்கல்லைச் சூழ்ந்த பிற இடங்களிலும் நூற்பாலைகள் நிறைந்திருக்கின்றன. அவற்றின் பழுதுபார்ப்போர் எந்த எந்திரத்துக்கு எந்நாள் கிரீஸ் இடுவது, எந்நாள் பேரிங் மாற்றுவது என்று அட்டவணை வைத்திருப்பர். கத்தும்வரை காத்திருப்பதில்லை. நூல் அறுந்தால் ஆலைக்கு நட்டம் என்பதை முதலாளி அறிவார். அவ்வாலையிற் பகல் முழுதும் அட்டவணைப்படி எண்ணெயிட்ட தொழிலாளரே மாலையில், முன்சக்கரம் ஆடும் ஸ்கூட்டரில் ஏறி, மனைவியையும் பிள்ளையையும் பின்னிருத்திக்கொண்டு, நெடுஞ்சாலையில் வீடு திரும்புகின்றார். கதிருக்கு உள்ள அட்டவணை அவர் உயிருக்கு இல்லை.

பேரிங் கெடுவது எதனால்? எம் சமவெளியைப் பொறுத்தவரை நீர், புழுதி, சுமை, சம்மட்டி என நான்கு காரணம் சொல்லலாம்.

நீர் என்றது மழைநீரை மட்டுமன்று. ஐப்பசி கார்த்திகை மழையிலே தேங்கிய நீரைக் கடப்பதும் உண்டு. ஆயினும் அதனினும் கொடியது வண்டி கழுவுமிடத்துப் பீச்சுநீர். குழாயின் முனையைச் சக்கரத்தின் குடத்துக்கு நேரே பிடித்து அடிக்கின்றனர். அவ்விசைக்கு ஆயில் சீலின் மெல்லிய உதடு ஈடுகொடாது. உட்புகுந்த நீர் கிரீசைக் கரைத்து, குண்டின்மேல் ஊசிமுனை அளவு துருவை உண்டாக்கும். அத்துருப்புள்ளியே பின்பு குழியாகும். புழுதியைப் பற்றிக் கூறவேண்டுவதில்லை. கல்லுடைக்கும் ஆலைப் பக்கத்துச் சாலைகளில் ஒருமுறை சென்றுவந்து தம் சட்டையைப் பார்த்தவர் அறிவர்.

சுமையைப் பற்றி ஒரு கணக்கு உண்டு. லண்ட்பர்க், பாம்கிரென் என்னும் இரு சுவீடிய அறிஞர் 1947இல் வெளியிட்ட முடிபின்படி, குண்டுப் பேரிங்கின் ஆயுள் சுமையின் முப்படிக்கு எதிராகக் குறையும். எளிய மொழியிற் சொல்லின், சுமையை இருமடங்காக்கினால் ஆயுள் பாதியாகாது, எட்டிலொரு பங்காகும். ஒன்றரை மடங்கு ஏற்றினாலும் மூன்றிலொரு பங்குகூட எஞ்சாது. இக்கணக்கைக் கேட்ட எம் சிற்றப்பனார், “அப்படியானால் இரண்டு நடையாகக் கொண்டுபோகட்டுமா? எண்ணெய்க் காசை உன் சுவீடன்காரரா தருவார்?” என்றார். அதற்கு எம்மிடம் விடையில்லை. சுமையைக் குறை என்று உழவனுக்குச் சொல்லுதல் எளிது. குறைத்தால் அவன் கூலி கட்டுபடியாகாது. ஆகலின், சுமை ஏற்றும் வண்டிக்கு மற்றை வண்டியினும் முன்னதாகவே பேரிங்கைச் சோதித்து மாற்றுக என்பதே நேர்மையான அறிவுரையாகும். ஒரு சோடி பேரிங்கின் விலை பெரும்பாலும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். முறிந்த எலும்புக்கு ஆன செலவை யாம் இங்கே எழுதப் போவதில்லை.

சம்மட்டி என்றது மாட்டும் முறையை. பழைய பேரிங்கைக் குடத்தினின்று தட்டி எடுக்கலாம். தவறில்லை, அது செத்த பொருள். புதியதை உள்ளே செலுத்தும்பொழுது மட்டும் வெளிவளையத்தின்மேலேயே விசை விழவேண்டும். பலர் உள்வளையத்தின்மேல் வைத்துத் தட்டுகின்றனர். அவ்வடி குண்டுகளின் வழியாக வெளிவளையத்துக்குச் செல்லும். குண்டு நின்ற இடந்தோறும் பாதையிற் கண்ணுக்குத் தெரியாத சிறு பள்ளம் விழும். வண்டி பட்டறையை விட்டுப் புறப்படுமுன்னரே பேரிங்கின் ஆயுள் குறைந்துவிட்டது. செய்யவேண்டுவது அரிதன்று: வெளிவளையத்தின் அகலத்துக்கு ஒத்த ஒரு குழாய்த் துண்டையோ பெட்டி ஸ்பானரையோ, அன்றிக் கழற்றிய பழைய பேரிங்கையேயோ வைத்து, சாயாமல் சுற்றிலும் சமமாகத் தட்டி அமர்த்தலாம். குடத்தை முன்னரே துடைத்து, வெந்நீர்த் துணியாற் சிறிது சூடேற்றிக்கொண்டால், தட்டவேண்டிய தேவையும் குறையும். முதற்பேரிங்கை அமர்த்தியபின் இடைக்குழலை வைக்க மறவாது, இரண்டாவதை அமர்த்துக. ஆயில் சீல் பழையதாயின் அதனையும் மாற்றுக. புதிய பேரிங்குக்குக் கிழிந்த குடை பிடிப்பதிற் பயனில்லை.

இங்கே ஒன்று சொல்லாமலிருக்க இயலவில்லை. திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர்போன ஊர். மாங்காய்ப் பூட்டும் மணிப்பூட்டும் கையாலேயே அராவி, நெம்பின் மேடு பள்ளங்களைத் திறவுகோலின் பல்லுக்கு மயிரிழை பிசகாமற் பொருத்திய கம்மியர் வாழும் ஊர். அப்பூட்டு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் பெற்றது. அத்தகைய கைகள் வாழும் ஊரில், ஆயிரத்திலொரு மில்லிமீட்டர் கணக்கில் அரைத்துச் செய்த பேரிங்கைச் சம்மட்டியால் அறைந்து மாட்டுவது முறையா? அறிவில்லாமையன்று இது. பூட்டுத் தொழிலில் தந்தை மகனுக்குச் சொல்லிக்கொடுத்தான். ஸ்கூட்டர்ப் பட்டறையில் அவ்வாறு சொல்லிக்கொடுப்பார் அருகினர். வண்டிகள் பெருகிய வேகத்தில் ஆசான்மார் பெருகவில்லை.

பேரிங் நலமாயுள்ளதா என்பதை வண்டியுடையார் தாமே சோதிக்கலாம். நடுநிலைத் தாங்கியில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரத்தைத் தரையினின்று உயர்த்தி, மேலும் கீழுமாக இரு கையாற் பற்றி இடவலமாக அசைத்துப் பார்க்க, ஆட்டம் இருத்தலாகாது. பின்னர்ச் சுழலவிட்டு, அச்சின் அருகே விரலை வைத்து உணர்க, கரகரப்பு இருத்தலாகாது. பல ஸ்கூட்டர்களின் பின்சக்கரம் எந்திரப் பெட்டியின் தண்டிலேயே மாட்டப்படுவது. அதன் பேரிங் பெட்டியினுள் இருக்கும். அதனைப் பட்டறையாரிடம் விடுவதே நன்று. எண்ணைப் படிக்கும் முறையும் எளிது. 6201 என்றால் துளை 12 மில்லிமீட்டர், 6202 என்றால் 15, 6203 என்றால் 17. 04 முதல் மேல் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தாற் பெருக்குக. நன்னூற் சூத்திரத்தை உருப்போட்ட நம் வகுப்பினர்க்கு இஃதொரு பாரமன்று.

இக்கல்வி எமக்கு எங்கே தொடங்கிற்று என்று எண்ணிப் பார்க்கின்றோம். சிறு வயதில் பட்டறை வாயிலில் நின்று பழைய பேரிங் கேட்டு வாங்கி, ஒரு பலகையின் அடியில் இரண்டு கட்டைகளை ஆணியடித்து, கட்டை முனைகளிற் பேரிங்குகளைச் செருகி, பேரிங் வண்டி செய்து இறக்கத்தில் விட்டிருக்கின்றோம். ரப்பரும் இல்லை, பிரேக்கும் இல்லை. எஃகு வளையமே தார்ச்சாலையில் உருண்டு, தெருவெல்லாம் அதிரும். நாயும் பாட்டிமாரும் ஒருங்கே வைவர். பட்டறையார் தந்தவை யாவும் இறந்த பேரிங்குகளாதலின், அவை எவ்வெவ்வாறு இறந்தன என்பதை அந்நாளிலேயே கண்டோம். துருவேறிச் சிவந்தது ஒன்று. நீலம் பாய்ந்தது ஒன்று. பாதையிற் செதில் செதிலாய்ப் பெயர்ந்தது ஒன்று. கூடு உடைந்து குண்டு இரண்டு குறைந்தது ஒன்று. அவற்றின் பொருளை அறிய எமக்குப் பத்தாண்டும் ஒரு விபத்தும் வேண்டியிருந்தன.

இப்பொழுது நகரத்துப் பிள்ளைகள் கடையில் வாங்கிய காலுந்து ஸ்கூட்டரிலும் ஸ்கேட்டிங் பலகையிலும் செல்கின்றனர். அவற்றின் சக்கரத்தில் இருப்பது 608 என்னும் எண்ணுடைய சிறு பேரிங். துளை 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22, அகலம் 7. உள்ளே பெரும்பாலும் ஏழு குண்டுகள். சக்கரத்துக்கு இரண்டாகப் பலகைக்கு எட்டு. இதனைப் பேணுதல் சிறுவர்க்கும் கூடும்: மூடியை ஊசிமுனையால் மெல்ல நெம்பியெடுத்து, மண்ணெண்ணெயில் அலசி, நன்றாய் உலரவைத்து, மெல்லிய எந்திர எண்ணெய் ஓரிரு துளி இட்டு மூடுக. சமையலறைத் தேங்காயெண்ணெயை விடுவார் உளர். அது முதலில் விரைவாய்ச் சுழலச் செய்து, நாளடைவிற் பிசுபிசுத்துப் புழுதியைச் சேர்க்கும். நீரிற் பலகையை ஓட்டுதல் ஆகாது. இங்கும் இரு பேரிங்குக்கு இடையே சிறு குழல் ஒன்று உண்டு. பிள்ளைகள் அதனைத் தொலைத்துவிட்டு நட்டை முறுக்குவர். சிறியதாயினும் குற்றம் அதுவே. இவை விளையாட்டுப் பொருள்தாமே என்று இகழவேண்டா. 2023இல் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்திய ஆடவரணியும் மகளிரணியும் 3000 மீட்டர் சக்கரக்காலணித் தொடரோட்டத்தில் வெண்கலம் வென்றன. அவ்வணிகளில் ஆனந்த்குமார் வேல்குமார், ஆரதி கஸ்தூரி ராஜ், கார்த்திகா ஜெகதீஸ்வரன் என்னும் நம் நாட்டார் மூவர் இருந்தனர்.

விளையாட்டல்லாத பலகையும் ஒன்று உண்டு. கால் இழந்தோர் சிலர், நான்கு பழைய பேரிங் பொருத்திய பலகையில் அமர்ந்து, கையால் தரையை உந்திச் செல்வதைத் திண்டுக்கல் பேருந்து நிலையத்தருகே கண்டிருக்கின்றோம். எம் பேரிங் வண்டியின் அமைப்பே அதன் அமைப்பும். ஒருமுறை அத்தகைய ஒருவர் எம்மை நிறுத்தி, “தம்பி, காசு வேண்டாம்; பட்டறையில் இரண்டு நல்ல பேரிங் கேட்டு வாங்கித் தா; இது முழங்கை வரைக்கும் வலிக்குது” என்றார். கெட்ட பேரிங்கின் தடையைத் தோள்வலியால் அறிந்தவர் அவர் ஒருவரே என்று எமக்குத் தோன்றிற்று. மோட்டார் வண்டியுடையார்க்கு அத்தடை எண்ணெய்ச் செலவிற் கரைந்து தெரியாமற் போகின்றது. அவருக்கு யாம் புதிய பேரிங்கே வாங்கித் தந்தோம் என்று எழுதினால் பெருமையாயிருக்கும்; அன்று எம்மிடம் பேருந்துக் கட்டணமே இருந்தது. பட்டறையிற் பழையவற்றுள் தேறியவை இரண்டு கிடைத்தன.

இனி, இலக்கிய இயைபு. கிறித்தவக் குடும்பத்துப் பிள்ளைகள் ஞாயிறு பள்ளியிலேயே ஓர் உருளைக் கதையைக் கேட்டிருப்பர்: செங்கடலின் நடுவே பார்வோனின் இரதங்களினின்று உருளைகள் கழன்றமை யாத்திராகமத்திற் கூறப்படுகின்றது. சிற்றப்பனாரை மருத்துவமனையிற் கண்டு ஜெபிக்க வந்த ஒரு பெரியவர் இதனை நினைவூட்டினார். விழுந்தவர் பார்வோனல்லர், கத்தரிக்காய் விற்பவர் என்று எம் அன்னையார் சிறிது கடுமையாகவே மறுமொழி கூறினார். யாம் அன்னையார் பக்கமே. உருளை கழல்வதையெல்லாம் தேவசித்தம் என்று சொல்லிவிட்டால், இடைக்குழலைத் தேடுவார் யார்?

புறநானூற்றில் ஔவையார் அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடிய பாட்டொன்று உண்டு. உப்பு வணிகர் நெடுவழி செல்லும்பொழுது, அச்சு எங்கே முறியுமோ என்று அஞ்சி, வண்டியின் அடியிலே வேறோர் அச்சைக் கட்டிக்கொண்டு செல்வர். அத்தகைய சேம அச்சாக அவ்விளைஞனை அவர் கண்டார். உவமையின் நயத்தை நம் ஆசிரியர் வகுப்பில் விளக்கியபொழுது யாவரும் தலையசைத்தோம். நயத்துக்கு அடியில் நின்ற உண்மையை ஒருவரும் கருதினோமல்லம்: அவ்வுமணர் அச்சு முறிந்தபின் தேடவில்லை, புறப்படுமுன் கட்டினர். மாட்டுவண்டி ஓட்டிய நம் பாட்டன்மாரும் வைக்கோலைச் சுட்ட கரியை விளக்கெண்ணெயிற் குழைத்து வண்டிமை செய்து, வழிக்குக் கையோடு கொண்டுசென்றனர். அச்சு கத்துமுன் இட்டனர். டயர் வண்டி வந்து, பேரிங் வந்து, மூடி போட்ட பேரிங்கும் வந்தபின், பேணவேண்டியது ஒன்றுமில்லை என்னும் எண்ணமும் வந்துவிட்டது. மூடிய பேரிங்குக்குக் கிரீஸ் இடவேண்டுவதில்லை என்பது மெய்; பார்க்கவேண்டுவதும் இல்லை என்பது பொய்.

சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாடநூலில் ‘தாங்கி’ என்று எழுதுகின்றனர். நல்ல சொல்லே. ஆயின் பட்டறையில் சக்கரத்தில் உள்ளது ‘பேரிங்’. கைப்பிடிக் கழுத்தில் உள்ளது ‘பால்ரஸ்’. மிதிவண்டிக்காரரிடம் ‘கோன்’, ‘கப்பு’, ‘குண்டு’. இவ்வேறுபாடு பாடநூற் சொல்லில் இல்லை. தூய தமிழ் வேண்டுமென்பார் எம்மேற் சினவற்க. தூய சொல்லால் எழுதிய கையேடு பட்டறைச் சுவரில் தொங்காதெனின், அஃது எவர்க்குத் தூய்மை? கையேட்டிற் பேரிங் என்றே எழுதி, அருகே தாங்கி என்றும் எழுதுக. எது வாழும் என்பதைப் பயில்வோர் முடிவு செய்யட்டும்.

எம் கோரிக்கை சிறிது. நம் கல்லூரி வண்டி நிறுத்துமிடத்தில் நிற்கும் ஸ்கூட்டர்களின் முன்சக்கரங்களை ஒரு சனிக்கிழமை பிற்பகலில் ஒவ்வொன்றாய் அசைத்துப் பார்ப்போம். நகரத்துத் தேர்ந்த மெக்கானிக் ஒருவரை, சொற்பொழிவாளர்க்குச் செய்யும் அதே மரியாதையோடு அழைத்து, கூலியும் தந்து, மாட்டும் முறையைச் செய்துகாட்டச் சொல்வோம். அவர் சொல்வதை இயற்பியல் மாணவர் சரிபார்க்க, தமிழ் மாணவர் நான்கு பக்கத்தில் எழுதுக. ஆண்டுதோறும் இம்மலர் அச்சிடும் அதே அச்சகத்தில் அதனையும் அச்சிட்டு, பழனிச் சாலையிலும் நத்தம் சாலையிலும் வத்தலக்குண்டுச் சாலையிலும் உள்ள பட்டறைகளுக்குக் கொடுப்போம். பழைய மாணவர்களுள் நூற்பாலைகளிற் பணிபுரிவார் இருப்பின் தம் அட்டவணைகளைக் காட்டி உதவலாம்.

இக்கட்டுரையின் படியை யாம் அப்பட்டறைப் பையனிடம் கொண்டுசென்று படித்துக் காட்டினோம். தன்னைப் பற்றிய பகுதி வந்தபொழுது அவன் கீழே நோக்கியிருந்தான். முடிந்தபின், “இடைக்குழல்னா எங்க கடையில யாருக்கும் புரியாதுண்ணா, ஸ்பேசர்னு போடுங்க. வீலைப் பிரிக்கும்போதே அதைத் தனியா ஒரு தட்டுல எடுத்து வைக்கணும்னும் எழுதுங்க; இல்லேன்னா பழைய சாமானோட போயிடும்” என்றான். அங்ஙனமே எழுதினோம். அவன் மேசைமேல் ஒரு சிறு தகரத் தட்டு இருந்தது. அதில் ஏதோ ஒரு வண்டியின் ஸ்பேசர், துடைத்து வைக்கப்பட்டு, மாட்டப்படுதற்குக் காத்திருந்தது.